ஒரே அச்சில் நாலு வள்ளம்

வள்ளம் கட்டும் கிறகரி ஓடாவிக்குத் தன் உளியை விட்டால் உலகத்தில் வேறெதிலும் நம்பிக்கை இல்லை. ஆணி வாங்கினால் கடைக்காரன் கண் முன்னாலேயே எண்ணிப் பார்ப்பான். கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் ஒரு கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் மேல்தான் இருக்கும். அப்படிப்பட்டவனையே இப்போது ஊர் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தது.

ஐம்பத்துமூன்றில் அணைக்கட்டு வேலைக்கு வந்த துரைமார், வாவியில் பந்தயம் ஓட நாலு பாய்வள்ளம் கேட்டிருந்தார்கள். கவிழாமல் இருக்க அடியில் ஈயக்கட்டை பூட்டிய சின்ன வள்ளங்கள். நாலும் நூலளவும் பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வெல்வது ஓட்டுகிறவனின் கெட்டித்தனமே தவிர வள்ளத்தின் வாசி அல்ல என்பது அவர்கள் சட்டம். கிறகரி ஒரே அச்சில்தான் செய்து கொடுத்தான். ஆனால் யார் ஏறினாலும் நாலாம் வள்ளமே வென்றது.

துரைமாரின் கந்தோரில் இருந்து பந்தயக் காரியங்களைப் பார்க்கும் செபரட்ணம் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“கிறகரி, திங்கட்கிழமை நாலையும் தூக்கி நிறுக்கப்போறம். வித்தியாசம் இருந்தா, இனிச் செய்விக்கிற எட்டு வள்ளத்தின்ர வேலையும் கொழும்புக்குத்தான் போகும்.”

எட்டு வள்ளம் போனால் வயிறு காயும். கள்ள ஓடாவி என்ற பேர் வந்தாலோ, பாண்டிருப்பிலிருந்து கோமாரி வரை ஒருவனும் வேலை தரமாட்டான். கிறகரிக்குத் தன் கை பிழைக்காது என்று தெரியும். அப்படியென்றால் நாலாம் வள்ளத்துக்குக் காவலிருக்கும் உதுமாலெவ்வைதான் ஈயத்தைச் செதுக்கி விற்றிருக்கிறான்! போன மாதம் அவன் புது வலை வேறு வாங்கினானே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழன் பின்னேரம் உதுமாலெவ்வை தொழப் போன சமயம் பார்த்து, கிறகரி வள்ளத்தில் ஏறி உள்தட்டுப் பலகைக்குக் கீழே இரண்டு ஈயக் கட்டிகளைத் தள்ளிவைத்தான். போன கனம் சரியாகிவிடும், நிறுக்கும்போது மானம் தப்பும். அளவெல்லாம் குத்துமதிப்புத்தான். வாழ்நாளில் அவன் குத்துமதிப்பாகச் செய்த முதல் வேலை அது.

வெள்ளி காலை அந்தப் பக்கம் போனவன் திடுக்கிட்டு நின்றான். நாலாம் வள்ளம் கரையில் உருளைக்கட்டைகளின் மேல் சரிந்து கிடந்தது. சுற்றிவர ஆட்கள். சரக் சரக்கென்று சுரண்டும் சத்தம். உதுமாலெவ்வை கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான்! வந்த கோபத்தில் தான் வைத்ததையே மறந்து, ஓடிப்போய்ச் செபரட்ணத்தைக் கூட்டிவந்தான்.

உதுமாலெவ்வை தேங்காய்ப் பொச்சுமட்டையால் வள்ளத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன வேலை இது?” என்று கிறகரி கத்தினான்.

“என்ன ஓடாவி இப்பிடிக் கேக்கிறீங்க? வெள்ளிக்கிழம நாங்க கடலுக்குப் போறல்லியே. தோணியெல்லாம் கரைக்கு ஏத்திக் கழுவிக் காயவைக்கிறதானே. இதுவும் தோணிதானே, இதுக்கு மட்டும் ஓய்வு வேணாமா? ஆக்களும் சும்மாதான் நிண்டாங்க, கூப்பிட்டன்.”

ஈயக்கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. செபரட்ணம் சிரித்துவிட்டார்.

“மற்ற மூண்டும் தண்ணியிலயே ஊறிப் பாசி பிடிச்சுக் கிடக்கு. இது கிழமைக்கொருக்காக் காயுது. வெல்லாம என்ன செய்யும்? கிறகரி, உங்கட வேலையில ஒரு பிழையுமில்ல. எட்டும் உங்களுக்குத்தான்.”

கிறகரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு பாவமும் அறியாதவனைக் கள்ளனாக்கப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து, வள்ளத்துக்குள் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் பலகையைக் கிளப்பினான்.

“காக்கா, இதென்ன ஈயம்?” என்று உதுமாலெவ்வையைக் கேட்டான்.

சிரிப்பு நின்றது. செபரட்ணம், களவு ஈயம் ஒளித்தவனைப் பார்ப்பதுபோல் உதுமாலெவ்வையைப் பார்த்தார். அந்தப் பார்வை கிறகரிக்கு நன்றாகத் தெரியும். சற்று முன்வரை அவனும் அப்படித்தான் பார்த்தான்.

“அல்லாவாணைக்கும் எனக்குத் தெரியா சேர்.” உதுமாலெவ்வை கிறகரியின் பக்கம் கையைக் காட்டினான். “ஓடாவியக் கேளுங்க. என்னைப் பத்தி அவருக்குத் தெரியும்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் எட்டு வள்ளமும் கிறகரிக்குத்தான். ஆனாலும் அவன் செபரட்ணத்தின் முன்னால் வந்து நின்றான்.

“நான்தான் வெச்சன் ஐயா. இவன் ஈயத்தைக் களவெடுத்திட்டானெண்டு நினைச்சு, கனத்தைச் சரிக்கட்ட…”

செபரட்ணம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப மற்ற மூண்டுக்குள்ளயும் என்ன வெச்சிருக்கீங்க?”

ஒன்றுமில்லை என்று கிறகரி தலையிலடித்துச் சத்தியம் பண்ணினான். உதுமாலெவ்வை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு, அந்த மூன்று வள்ளங்களின் பலகைகளையும் கிளப்பிப் பார்க்கப் போனான்.