கார்ப்பெட்டில் காயாத இடம்

தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை கார்ப்பெட்டின் அடி நூல்வரை இறங்கிவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஜெயகுமாரி அப்படித்தான் எடுத்தாள். கணவன் தேவசிகாமணியின் டாக்ஸியில் சுற்றுலா வந்தவர்களின் குழந்தைகள் எடுத்த வாந்தி, சிந்திய காபி, நசுங்கிய பலாச்சுளை என்று எத்தனையோ கறைகளை அவள் பூந்திக்கொட்டை நுரையால் போக்கியிருக்கிறாள். இது மட்டும் போகவில்லை.

பின்சீட்டின் முன்னால், இடது கதவோரம், பச்சைக் கார்ப்பெட்டில் இரண்டு ஈரத் திட்டுகள். சோடா உப்புப் போட்டாள். வினிகர் தெளித்தாள். காகிதத்தை விரித்து அதன்மேல் கரி இஸ்திரிப் பெட்டியை ஓட்டினாள். காய்ந்தது. ஏரிப்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்ததும் மறுபடி நனைந்து, செம்மண் நிறத்தில் ஓரம் கட்டியது.

மறுநாள் அவள் தங்கை சாந்தாமேரிக்குக் கல்யாணம். வெள்ளைப் பட்டு கட்டிக்கொண்டு, இந்தக் காரில், இந்த இடத்தில் கால் வைத்துத்தான் அவள் சர்ச்சுக்குப் போக வேண்டும்.

கடைசியாக முகப்பவுடரைக் கொட்டி வைத்தாள். அது ஈரத்தை உறிஞ்சும். அடுப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்தபோது பவுடர் வெள்ளையாகவே கிடந்தது. அதில் இரண்டு பாதங்கள் மட்டும் நனைந்திருந்தன. குதிகால், உள்வளைவு, விரல்கள் எல்லாம் தெளிவாக. செருப்பே போட்டறியாதவர்களுக்கு இருப்பதுபோலக் கட்டைவிரல் விலகி நின்றது.

"ஏனுங்க, செத்த இங்க வாங்க."

தேவசிகாமணி குனிந்து பார்த்தான். பார்த்தவன் உடனே நிமிரவில்லை.

"நீ பயந்துக்குவீன்னு சொல்லல ஜெயா. கரடியூர் அங்கப்பன் சேலத்து ஆஸ்பத்திரியில தவறிட்டாருல்ல, நம்ம வண்டியிலதான் மலைக்கு மேல கொண்டாந்தேன். படுக்க வெக்க எடம் பத்தல. அங்கதான் உக்கார வெச்சாங்க."

"பொணத்தையா? டூரிஸ்ட் ஏறுற வண்டியிலயா?"

"கம்பளி போத்தித்தான்."

"ஆமா, நொம்பக் குளுந்துருக்கும் அவருக்கு!"

அவன் சிரிக்கவில்லை. "மகன் பொன்னுவேல் முன்னால உக்காந்திருந்தான். ஒவ்வொரு வளைவுலயும் திரும்பிப் பாத்து, 'அப்பா, வளைவு வருது, கூடவே வாங்க'ன்னு சொல்லிகிட்டே வந்தான். சொல்லலைன்னா உசுரு அந்த வளைவுலயே நின்னுக்குமாம்."

"ஊடு வந்ததும் என்ன சொன்னான்?"

தேவசிகாமணி யோசித்தான். "எங்க சொன்னான்? வண்டி நின்னதும் பொம்பளைங்க அழுதுகிட்டு ஓடியாந்தாங்க. ஒடம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப, எறங்கச் சொல்லவேயில்லையா?"

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

கரடியூர் போகும்வரை இருவரும் பின்னால் திரும்பவில்லை. வளைவுகளில் மட்டும், ஒரு ஆள் சாய்ந்து நிமிர்வதுபோல் பின்சீட்டு கிறீச்சிட்டது.

அங்கப்பனின் மனைவி கண்ணம்மாள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயகுமாரி தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு அவள் வியக்கவில்லை.

"தெரியும் கண்ணு. உங்க வண்டி இந்தப் பக்கம் வர்றப்பெல்லாம் ரோட்டோரம் நின்னு பாப்பேன். சன்னலோரம் சொகமா உக்காந்திருப்பாரு. ஆயுசு பூரா மூட்டை தூக்கி நடந்த மனுசன். சுத்திப் பாக்கட்டுமேன்னு உட்டுட்டேன்."

"எறங்கச் சொல்லுங்கம்மா."

"எறங்குனா தங்க மாட்டாரு. வெளக்கு வெச்சுக் கும்புட்டதும் போயிருவாரு. அப்பறம் நான் ரோட்டுல நின்னு யாரைப் பாக்கறது?"

முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. ஜெயகுமாரிக்கு அவளிடம் கேட்கவே வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"நாளைக்கு என் தங்கச்சிக்குக் கண்ணாலமுங்க. அந்த எடத்துலதான் பொண்ணு உக்காரணும்."

முறம் நின்றது.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கண்ணம்மாள் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டு காரிடம் போனாள். இடது கதவைத் திறந்தாள்.

"ஏனுங்க, சுத்துனது போதும். கண்ணாலப் பொண்ணு ஏறப் போகுது. ஊடு வந்துருச்சு, எறங்குங்க."

மூடுபனியில் எதுவும் அசையவில்லை.

"உசுரோட இருந்தப்பவும் ஒரே பேச்சுல கேட்டதில்ல" என்று ஜெயகுமாரியிடம் முறையிட்டாள். பிறகு உள்ளே குனிந்து, யாருக்கும் கேட்காதபடி ஏதோ சொன்னாள்.

காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது.

கண்ணம்மாள் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி, மெதுவாக, மிக மெதுவாக வீட்டை நோக்கி நடந்தாள். "குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்" என்று அவள் குரல் கேட்டது. வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

காலையில் கார்ப்பெட் உலர்ந்திருந்தது. ஜெயகுமாரி பவுடரைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். அடியில் கறையே இல்லை. சாந்தாமேரி வெள்ளைப் பட்டைக் கூட்டிப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். உடனே பாதி எழுந்தாள்.

"அக்கா, சீட்டு சூடா இருக்கு. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற கார். ஜெயகுமாரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

"நல்ல மனுசன்தான், எடத்தைச் சூடாக்கி வெச்சுட்டுப் போயிருக்காரு" என்றாள். "உக்காரு."