மஞ்சக் கடுதாசியில் பதினான்காவது பெயர்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கேலியில் பிறந்தது. பூந்தமல்லி கோர்ட் எதிரே டீ குடிக்கும்போது யாரோ, "மஞ்சக் கடுதாசி குட்த்துட்டு ஜாலியா கீறான் மாமே" என்றார். ஊரை ஏய்த்த ஒரு திவால் ஆளின் கதையை எழுத எனக்குக் கை பரபரத்தது.

‘ரேணுகா எல்லோர் தலையிலும் துண்டைப் போட்டுவிட்டு...’

[இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் மசியவில்லை.]

2

ரேணுகா அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஸ் நடத்தியவள். சாப்பாடு வாங்கிய கம்பெனி பாக்கியோடு மூடிக்கொண்டது. கடன் கழுத்தை நெரித்தது. இப்போது வக்கீல் ஜெகதீசன் முன்னால் உட்கார்ந்து திவால் மனு எழுதுகிறாள்.

(கொஞ்சம் சட்டம், கொட்டாவி விடாதீர்கள். சொத்தையும் கடன் கொடுத்தவர்களையும் ஒளிக்காமல் எழுதித் தரவேண்டும். கோர்ட் அதிகாரி சொத்தை விற்று எல்லோருக்கும் விகிதப்படி பிரிப்பார். வீட்டுச் சமையல் பாத்திரத்தையும் உடுதுணியையும் தொடமாட்டார்கள். மிச்சக் கடனிலிருந்து கோர்ட் விடுவிக்கலாம்.)

மூக்குத்தியை ஒளிப்பாள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்காமலே கழற்றி மேசைமேல் வைத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

3

கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் பதின்மூன்று பெயர் ஆயிற்று. பதினான்காவது ஆள் கெங்கம்மாள், கொரட்டூர் மார்க்கெட்டில் கீரை விற்பவள். கண்புரை ஆபரேஷனுக்குச் சேர்த்த இருபதாயிரத்தைக் கடன் நோட்டுகூட எழுதி வாங்காமல் கொடுத்தவள்.

"அவங்க பேரு வேணாம் சார். அவங்களுக்கு மட்டும் முழுசா குட்த்துர்றேன்."

"மறைச்சா பொய் சத்தியம்மா. தெரிஞ்சா உனக்கு விடுதலையே கெடைக்காது."

4

[முடிவு அ: மூடிய கம்பெனி பாக்கியைத் தந்துவிடுகிறது. எனக்கே சிரிப்பு வந்தது.]

அதற்குள் கெங்கம்மாளே வக்கீல் ஆபீஸ் படியைத் தடவி ஏறி வந்துவிட்டாள். பேச்சு வாசலிலேயே காதில் விழுந்திருக்கிறது. சத்தியமாக நான் வரவழைக்கவில்லை.

"இன்னாமே, என் பேர உட்டுட்டியாமே?"

"யக்கா, எழுதுனா உனுக்கு பாதிகூட வராது. ஆபரேசன் இன்னா ஆவறது?"

"வர்றது வரட்டும். எழுதலன்னா நான் குட்த்ததே இல்லன்னு ஆய்டும். உன்ன நம்பி குட்த்தவ நானு. அது காயிதத்துல இருக்கட்டும்."

இவர்கள் இருவரையும் வைத்தா ஏய்ப்புக் கதை எழுத வந்தேன்? கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

5

ரேணுகா பேனாவை எடுத்துவிட்டாள். பதினான்காவது வரி காலியாக இருக்கிறது. எனக்குத் தைரியம் இல்லை, நீங்களே எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கெங்கம்மாளுக்குக் கண் தெரியாது. "எழுதிட்டேன்க்கா" என்று ரேணுகா சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள்.