நாலு புள்ளி இரண்டில் வந்தது

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கார்த்திகேசன், இலையில் உட்காரும் முன்பே லேப்டாப்பைக் கேட்டார். இறந்துபோன என் கணவர் விஜயகுமாருக்குச் சென்னைக் கம்பெனியில் மேலாளர் அவர்.

"கஸ்டமர் ஒருத்தருக்கு நாள் பூரா வேலை நின்னுபோச்சு சிஸ்டர். வேலை நாளை எண்ற ஃபங்ஷன் 4.0 வெர்ஷன்லயே இருக்குதுன்னு விஜி எழுதின பக்கத்துல போட்டிருக்குது. 4.0ல அது கெடையாது. விஜி பண்ண தப்புன்னு கஸ்டமர்கிட்ட சொல்லிட்டோம். போனவருக்கு இனிமே அதனால என்ன?"

டேட்டாபேஸ் மென்பொருளின் ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது கணக்குக் கட்டளையும், எந்த வெர்ஷனில் முதலில் வந்தது என்று கம்பெனியின் இணையப் பக்கங்களில் எழுதி வைப்பதுதான் என் கணவரின் வேலை. மற்றவர்கள் பழைய குறிப்பைப் பார்த்து எழுதுவார்கள். இவர் ஒவ்வொரு பழைய வெர்ஷனையும் ஏற்றி, ஓட்டிப் பார்ப்பார்.

"ஒரு நம்பருக்கு நாலு நாளா? குழம்புல உப்பு இருக்கான்னு கூட பாக்காம சாப்புடற ஆளு" என்று ஒருமுறை அவரைக் கேலி செய்தேன்.

"யாரோ எழுதினதப் பாத்து எழுத நான் எதுக்குடி?" என்றார்.

நான் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து, அவர் சேமித்திருந்த சோதனையைத் திறந்தேன். 4.0, சிவப்பில் பிழை. 4.1, பிழை. 4.2, விடை வந்திருந்தது. கீழே, அவர் உயிரோடிருந்த மாசி மாதத்துத் தேதி.

"பாருங்க சார். 4.0ல இல்லன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சவரு எப்படி அப்படி எழுதுவாரு?"

கார்த்திகேசன் பார்த்தார். உப்பளத்தில் உப்பு வாரி வெடித்த விரலால் மாமியார் பாஞ்சாலை அந்தச் சிவப்பு வரிகளைத் தொட்டாள்.

"செவப்பா வருதே. எம்புள்ள போனதும் இதுவும் கெட்டுப்போச்சா?"

"ஆமாம்மா, ரிப்பேர்தான். கம்பெனில பாத்துக்கறோம்" என்று கார்த்திகேசன் லேப்டாப்பை மூடினார்.

"ரிப்பேர் இல்ல அத்த" என்றேன். யாரும் கேட்கவில்லை.

"அவ்ளோ தூரத்துலருந்து வந்திருக்காரு, குடு அண்ணி" என்று கொழுந்தன் அர்ச்சுனனே அதைக் கார் வரைக்கும் சுமந்து போனான்.

கார் போனபின் போனில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். '4.0 முதல்' என்றிருந்தது. அடியில், கடைசியாகத் திருத்தியவர் விஜயகுமார். லாரி மோதி அவர் இறந்த மூன்றாம் நாள், காலை பத்தேகால் மணி.

அந்த நேரத்தில் அர்ச்சுனன் சுடுகாட்டில், ஈர வேட்டியோடு குனிந்து, பால் ஊற்றி அணைத்த சாம்பலில் அவரைப் பொறுக்கி மண்சட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.