முத்திரை விழுந்த மனு

மலை மாவட்டங்கள் தங்களைத் தனிநாடு என்று அறிவித்த மறுநாளே அவசரநிலை வந்தது. அரசு பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே என்று கேட்டு யார் மனு கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. நீதிமன்றத்தின் மனு ஜன்னலுக்கு மேலே அந்த உத்தரவைப் பசை தடவி ஒட்டியவள், அதே ஜன்னலில் உட்காரும் எழுத்தர்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘டப்டப்’ என்று பெயர். இருபது வருஷமாக ஒரே வேலை. தாள் உள்ளே வந்ததும் முத்திரை, அப்புறம்தான் வாசிப்பு. கண்ணை முந்திக்கொண்டு கை ஓடும்.

அன்றைக்கும் ஓடிவிட்டது. வாசித்த பிறகுதான் மேலே ஒட்டியிருந்த உத்தரவை நிமிர்ந்து பார்த்தாள். மனுக் கொடுத்தவர் பஸ் டிரைவர். நர்ஸாக இருந்த அவர் மனைவி, காயம்பட்ட மலைக்காரன் ஒருவனுக்குக் கட்டுப் போட்டாளாம். அவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினாறு நாள். எங்கே என்று தெரியவில்லை. ஒரு தடவை கண்ணில் காட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான் மனு.

முத்திரை விழுந்தால் எண் விழும். எண் விழுந்தால் நீதிபதி மேசைக்குப் போயே ஆக வேண்டும்.

மேலாளர் ஓடி வந்தார். “என்னம்மா, கை அரிச்சுதா?”

“பழக்கதோஷம் சார்.”

“அதையே எழுதிக் குடு. தவறுதலா விழுந்துடுச்சுன்னு ஒரு வரி. ரத்து பண்ணிடலாம். உனக்கும் ஒண்ணும் வராது, எனக்கும் ஒண்ணும் வராது.”

“இவருக்கு?”

“நாடே ரெண்டா கிழிஞ்சு நிக்குது, நீ ஒரு ஆளைப் பத்திப் பேசற!”

டிரைவர் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்தார். “அக்கா, ரத்துன்னா நான் மறுபடி வரிசையில நிக்கணுமா? காலை ட்ரிப்பை விட்டுட்டு வந்திருக்கேன்.”

அவள் பேனாவை எடுத்தாள். எது தவறு என்று யோசித்தாள். தாளை நீட்டிய கை யாருடையது என்று பார்த்து அவள் ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை. ‘வழக்கம்போல் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“வழக்கம்போலா? வேலை போயிடும்மா.”

“தெரியும் சார்.”

ரசீதைக் கிழித்து டிரைவரிடம் நீட்டினாள். “பத்திரமா வச்சுக்குங்க. இனிமே அவங்களைக் கூட்டிட்டே போகலன்னு சொல்றவங்க, இந்த நம்பருக்குப் பதில் சொல்லணும்.”

வெளி வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருத்தி எழுந்து வந்து, மடித்த தாளைக் கம்பிக்குள் தள்ளினாள்.

முத்திரையை எடுத்த கை நின்றது. அவள் முதலில் வாசித்தாள், கடைசி வரி வரைக்கும்.

பிறகு, டப்.