மூணாம் நம்பர்

அந்தத் தொழிற்கூடத்தில் மனிதர்களுக்கும் நம்பர் உண்டு. அந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தவள் அக்காதான்.

பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைத் தரம் பிரிக்கும் பெல்ட்டின் ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் அவளுடைய தங்கை. ஒவ்வொன்றின் அடியிலும் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். தண்ணீர் பாட்டில் ஒன்று, பால் கேன் இரண்டு. தெர்மாகோல் ஆறு. வாயால் மட்டுமே வேலை செய்யும் சூப்பர்வைசருக்கு அக்கா ‘ஆறு’ என்று பெயர் வைத்தாள். “தூக்கிப் பாருங்கடி, உள்ள வெறும் காத்து!” பெல்ட்டே சிரித்தது.

மூன்று மட்டும் விளையாட்டில்லை. பார்வைக்கு ஒன்றாம் நம்பரைப் போலவே பளிச்சென்று இருக்கும். திருப்பினால் அடியில், ஒன்றில் இருக்கும் புள்ளிக்குப் பதில் ஒரு கோடு. மடக்கினால் மடிப்பு வெளுக்கும். தவறவிட்டால் உருகும்போது கருகி, கூட இருப்பது அத்தனையையும் கெடுத்துவிடும். அதனால் கண்ணில் பட்டவள் “மூணு!” என்று கத்த வேண்டும், எதிரில் நிற்பவள் எடுத்து எறிய வேண்டும்.

புருஷன் விட்டுப் போன பிறகு அக்கா தங்கை வீட்டில்தான் இருந்தாள். போக வேறு இடமில்லை. தான் இருப்பது அவர்களுக்கும் ஒத்தாசைதான் என்று நம்பியிருந்தாள்.

அன்று இடைவேளையில் கை கழுவப் போனாள். அடுக்கிய பாட்டில் கட்டுகளுக்குப் பின்னால் தங்கையின் குரல் கேட்டது. கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“மூணு எப்பதான் கிளம்புமாம்?” தங்கை புருஷனின் குரல்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நம்பர் வீடு வரைக்கும் போய்விட்டதா! யார் அந்த மூணு? அவருடைய அம்மாவா?

“மெதுவாப் பேசுங்க. எனக்கு மட்டும் ஆசையா என்ன? நாம ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து பேசியே எத்தனை நாளாச்சு.”

“அப்போ சொல்லிடு.”

“எப்படிங்க சொல்றது? கூடப்பிறந்தவளாச்சே.”

சிரிப்பு உதட்டிலேயே உறைந்துபோனது. தங்கைக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, மூடத் தோன்றவில்லை. வீட்டில் அவள் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அவர்கள் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். அதை மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள்? கோபம்கூட வரவில்லை. பெயர் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்றுதான் மனம் திரும்பத் திரும்பச் சொல்லியது.

மணி அடித்தது. பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது.

“என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா இல்லையா?”

அதே அக்கறை. அது நடிப்பில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

“ம்.”

பாட்டில்கள் உருண்டு வந்தன. கைகள் பழக்கத்தில் ஓடின.

“மூணு!” என்று கத்தினாள் தங்கை.

“என்னடி?” என்றாள் அக்கா, நிமிர்ந்து.

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

தங்கையின் கை அந்தரத்தில் நின்றது. முகம் வெளுத்தது, மடக்கிய பாட்டிலைப் போல.

“அக்கா...”

அடியில் கோடு போட்ட அந்தப் பாட்டில், இருவருக்கும் நடுவே, யாரும் தொடாமல், அரைக்கும் இயந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.