பிற மருந்துகள்: இல்லை

இருபத்திரண்டாவது தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோது, கூடத்தில் சின்ன மாமா இரண்டாவது முறையாகத் தொண்டையைச் செருமினார். முதல் செருமல் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்கு. இரண்டாவது, பேச்சு ஆரம்பம். கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருஷம் செயலாளராக இருந்த மனிதர். சங்கம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் மைக்கை விடவில்லை. எதிரில் மைக் இருப்பதுபோலவே எப்போதும் லேசாகக் குனிந்து பேசுவார்.

“எங்க அண்ணனைக் கொன்னது நோய் இல்ல. ரத்தத்தை இளக்கறதுன்னு ஒரு மாத்திரை குடுத்தானுங்களே, அதுதான். நானும் அதைத்தான் முழுங்கறேன். நாளைக்கு எனக்கும் இதே கதிதான்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க” என்றார் யாரோ. அதற்காகவே காத்திருந்தவர்போல அவர் இன்னும் நாலு வார்த்தை சொன்னார்.

மருமகள் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் பாதிப் பேச்சாவது அடிபட்டுப் போகட்டும். மூன்று நாளாக அவளுக்கு மருந்துக்குக்கூடத் தூக்கமில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தா. இன்று மாமனாரை எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்துத் திரும்பியாகிவிட்டது.

மூன்று நாள் முன்னால் அவர் அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார், அவ்வளவுதான். “கதவுக்குத்தான் அடி” என்று சிரிக்கவும் செய்தார். மறுநாள் காலையில் வாய் குழறியது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையும் கொண்டுவரச் சொன்னாள் டாக்டர். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். மருமகள் அலமாரித் தட்டை அப்படியே துணிப்பையில் வழித்துப் போட்டுக்கொண்டு போனாள். டாக்டர் அதிலிருந்து இரண்டு டப்பாக்களைத் தனியாக எடுத்து வைத்தாள். விட்டமின் ஈ ஒன்று, மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று.

“இது எத்தனை நாளா?”

“ஆறு மாசமா.”

“இதுங்களும் ரத்தத்தைச் சட்டுனு உறைய விடாதுங்க. அந்த மாத்திரையோட சேர்ந்தா… இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்போம். மாசாமாசம் ஃபார்ம்ல கேக்கறாங்களே?”

கேட்டார்கள்தான்.

மாமனார் நாற்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் பிழை தேடுவார், அப்புறம்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பார். அந்த மாத்திரைக்காக ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் படிவத்தை நீட்டினார்கள். ‘பிற மறுந்துகள்’ என்று அச்சடித்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். ‘று’வைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் ‘ரு’. அப்புறம் எதிரே உள்ள கோட்டில் அழகாக எழுதினார்: ‘இல்லை.’

“மாமா, அந்த விட்டமின்…”

“மருந்துன்னா நோய்க்குக் குடுக்கறதும்மா. இது சத்து. மருந்து இருக்கான்னு கேட்டிருக்கான், இல்லைன்னு எழுதியாச்சு. கேக்காததுக்குப் பதில் எழுதினா அதுவும் பிழைதான்.”

பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில். பதினொரு மணிக்குள் அவள் ஆபீஸில் இருந்தாக வேண்டும். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அரை மணி நேரம் இலக்கணம் நடக்கும். வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் படிவத்தைப் பார்க்காமலே கோப்பில் சொருகினாள். ஆறு மாதம், ஆறு படிவம், ஆறு சிவப்பு வட்டம். ஆறாவது மாதமும் ‘மறுந்துகள்’ என்றேதான் அச்சாகி வந்தது.

டாக்டர் சொன்னதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. அந்தச் சத்து மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தது அவன். பஸ் டெப்போவில் டைம்கீப்பர். அவன் செய்தது எதிலும் அப்பா ஒரு திருத்தம் போடாமல் விட்டதில்லை, அவன் போட்ட கையெழுத்தில்கூட. இந்த ஒரு விஷயத்தில்தான், “பரவாயில்லைடா, தெம்பாத்தான் இருக்கு” என்றார். அன்றைக்கு ராத்திரி அவன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆஸ்பத்திரியில் அவன், “நாம ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?” என்று கேட்டான். அவளும் ‘இல்லை’ என்றுதான் சொன்னாள்.

டீயை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். சின்ன மாமா மடியில் ஆஸ்பத்திரித் துணிப்பை. கையில் விட்டமின் டப்பா.

“முக்கால்வாசி அப்படியே இருக்கே! எங்க அண்ணன் ஞாபகமா நான் வெச்சுக்கறேன். அந்தப் பாழாப்போன மாத்திரை உடம்புல ஏத்தற விஷத்தை இது முறிச்சுடும்.”

“எடுத்துக்கங்க சித்தப்பா” என்றான் கணவன். “நான்தான் வாங்கிக் குடுத்தேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுது.”

டப்பா ஜிப்பாப் பைக்குள் இறங்கியது.

“சின்ன மாமா, அது தேதி முடிஞ்சதுங்க.”

அவர் வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். “இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கேம்மா. அண்ணன் வீட்டு மருமக, எழுத்துக்கூடவா படிக்கத் தெரியல?”

அவள் டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

“அதைச் சாப்பிடாதீங்க. நீங்க சாப்பிடற மாத்திரையோட இது சேரக் கூடாது. டாக்டர் சொன்னாங்க.”

“எப்போ?”

கேட்டது சின்ன மாமா இல்லை.

“முந்தாநாள்” என்றாள் கணவனைப் பார்க்காமல். “ஃபார்ம் எழுதறப்போ நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நான் சொல்லியிருக்கணும்.”

சின்ன மாமா டப்பாவைச் சூடுபட்டதுபோல மேஜைமேல் வைத்தார். தொண்டையைச் செருமினார். இரண்டாவது செருமல் வரவில்லை.

“அப்ப… அந்த மாத்திரையை நான் நிறுத்திடட்டுமாம்மா?”

“நிறுத்திடாதீங்க. டாக்டரைப் போய்ப் பாருங்க. என்னென்ன சாப்பிடறீங்களோ எல்லாத்தையும் சொல்லுங்க. சத்து, டானிக்கு, எதுவா இருந்தாலும்.”

அவர் தலையாட்டினார். சங்கத்தில் பதினெட்டு வருஷமாக அவர் யாருக்கும் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கணவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது கேட்பான் என்று அவள் நின்றாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக வந்திருந்தார்கள். அவன் எழுந்து வெளியே போனான். சிதறிக் கிடந்த நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான்.

“விடுங்க சார், நாங்க அடுக்கிக்கறோம்” என்றார் வண்டிக்காரர்.

அவன் விடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. அடுக்கு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவள் போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிமிரவில்லை. குனிந்து அடுத்த நாற்காலியை எடுத்தான்.