புத்தகங்களுக்கு விக்கல் எடுத்த வீடு

அந்த வீட்டில் புத்தகங்களுக்கு விக்கல் எடுக்கும். ஊரில் எங்கோ ஒருவர், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே ஒரு பழைய நாவலின் வரியைச் சொன்னால் போதும், கூடத்து அலமாரியில் அந்த நாவல் ஒருமுறை தூக்கிப் போட்டு அடங்கும். சொன்னவருக்கு மூலம் தெரிந்திருந்தால் எடுக்காது. யாருடையது என்பதை மறந்துவிட்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவர்களால்தான் விக்கல். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் தடவை திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தால் வருகிற சத்தத்தைவிடப் பெரிதில்லை அது.

வீட்டுக்காரருக்குக் கேள்விக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. பகலில் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிற வேலை. அதே வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'இந்த வரி எந்த வீட்டுப் பிள்ளை?' என்ற பகுதியும் அவருடையதுதான். விளம்பரத்தில், சினிமாப் பாட்டில், கடைப் பலகையில், மேடைப் பேச்சில் புழங்குகிற ஒரு வரியைக் கொடுத்து, இது எந்தப் பழைய புத்தகத்திலிருந்து கிளம்பி வந்தது என்று கேட்பார். பதில் அடுத்த வாரம். வாசகர்கள் மூட்டை மூட்டையாகத் தபால் அட்டை போட்டார்கள். மனிதர் தலைக்குள் ஒரு நூலகமே இருக்கிறது என்று ஆசிரியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். நூலகம் கூடத்தில் இருந்தது. சாயங்காலம் அவர் பிரம்பு நாற்காலியில் வந்து உட்காருவார். அலமாரியில் எது விக்குகிறது என்று பார்த்துக்கொள்வார். பிறகு எழுந்து ஜன்னலில் காதை வைத்து, வானொலியைத் திருகி, முடிவெட்டும் கடைவரை ஒரு நடை போய், யார் வாயில் அந்த வரி மாட்டியது என்று பிடித்துக்கொண்டு வருவார். அவருடைய ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அலமாரியைப் பார்த்துப் பயந்தவள், ஒரு வருஷத்துக்குள் அதில் இருந்த எல்லாவற்றையும் படித்து முடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டாள். உப்பு வியாபாரிகளின் நான்கு தலைமுறைக் கதை தடியன். சாகும்போது அந்தக் கிழ வியாபாரி பிள்ளைகளிடம் "கொடுத்ததைத் திரும்பக் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவார். படித்தவர்கள் அந்த இடத்தில் அழுவார்கள். அந்த வரியைத்தான் பெரிய கடைத்தெரு ஜவுளிக்கடை பில் போடும் இடத்தில் எழுதி மாட்டியிருந்தது. சிப்பந்தி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டும்போதெல்லாம் தடியன் விக்கினான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நாயகி அழுகிற நாவலுக்கு அழுமூஞ்சி என்று பெயர். அதில் அவள் சிரிக்கிற இடம் ஒன்றே ஒன்று: "அவள் சிரித்தாள். விளக்கை அணைத்துவிட்டோம்." பற்பசைக்காரர்கள் சரியாக அதைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் வானொலியில் செய்திக்கு முன்னும் பின்னும் அழுமூஞ்சி விக்கி விக்கிப் பாவம் முதுகு அட்டை பிய்ந்துபோயிற்று. தையல்காரி அதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர் வைத்ததால் விக்கல் குறைந்தது என்று அவளும், விளம்பரம் குறைந்ததால் என்று அவரும் கடைசிவரை வாதாடினார்கள்.

அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் ஒரே சாயங்காலம் மாதிரி இருக்கிறது. அவள் மெஷின் ஓட்டுவாள். அவர் பிரம்பு நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் எவனாவது சினிமாப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனால் இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்ப்பார்கள். எது விக்கப்போகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் காபி போட வேண்டும். பெரும்பாலும் அவர்தான் போட்டார். வேண்டுமென்றே தோற்றாரா என்று கேட்டதற்கு, பதில் அடுத்த வாரம் என்றார். வீட்டிலும் அதே வழக்கம்தான். என்ன சமைக்கட்டும் என்று அவள் கேட்டாலும், எப்போது வருவீர்கள் என்று கேட்டாலும், பதில் அடுத்த வாரம்.

அவருடைய வாயில் சதா ஒரு வரி உண்டு. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் படியில் செருப்பை மாட்டுவதற்குள், தெருத் தூசி துணியில் படியுமே என்று அவள் கதவைச் சாத்தப் போவாள். உடனே அவர், ஏதோ நாடக மேடையில் நிற்பவர்போல, "கதவைச் சாத்தாதே. நான் இன்னும் போகவில்லை" என்பார். அதுவும் பேச்சுத் தமிழில் இல்லை, அச்சடித்த மாதிரி. அவள் ஒரு பாதியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை நிற்பாள். இது எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று வருஷக்கணக்காகக் கேட்டாள். வருஷக்கணக்காகப் பதில் அடுத்த வாரமாகவே இருந்தது.

ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த வாரக் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் அடுத்த வாரம் அது ஒழுங்காக அச்சில் வந்தது. அதற்கடுத்த வாரம் அந்த இடத்தில் ராசிபலன் வந்தது. ஊரில் எல்லாருக்கும் பதில் கிடைத்தது, அவளைத் தவிர.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் வந்து ஒரு மாதம் தங்கினாள். கேள்விக்காரரின் தங்கை. மனதில் ஒன்றும் இல்லாதவள், வாயில் எல்லாம் இருக்கும். அண்ணன் பெயரை எடுத்தாலே அழுகிறவள், அழுதுகொண்டே ஒரு நாள் சொன்னாள்: "எங்கண்ணன் சொந்தமா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை அண்ணி. என்னைத் திட்டும்போதுகூட ஏதாவது நாவல்லேருந்துதான் திட்டும்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். தையல்காரியும் சிரித்தாள். ஆனால் அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவர் அவளிடம் கொஞ்சிப் பேசுகிறவர் இல்லை. பூ வாங்கித் தந்ததில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூடக் குறைவு. அவளுக்கென்று அவர் தினமும் சொன்னது அந்த ஒரு வரிதான். அதுவும் யாரோ ஒரு கதாநாயகன் யாரோ ஒரு கதாநாயகியிடம் சொன்னதென்றால், தினமும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு யாருக்காகவோ என்று ஆகிவிடும். அது யாருடைய வரி என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வழி என்னவோ சுலபமானதுதான். அலமாரிக்கு முன்னால் நின்று வரியைச் சொன்னாள். ஒன்றும் விக்கவில்லை. அப்படியானால் இங்கே இல்லாத புத்தகம், எங்காவது இரவல் வாங்கிப் படித்திருப்பார் என்று முடிவுகட்டினாள். பழைய பேப்பர் கடைக்குப் போய் எடைக்குப் போட்ட நாவல்களைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றிடமும், கதவைச் சாத்தாதே, நான் இன்னும் போகவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். கடை சாத்தும் நேரத்தில் அப்படிச் சொன்னதால் கடைக்காரர் முதலில் தனக்கென்று நினைத்து, "நீங்க நிதானமாப் பாருங்கம்மா, நான் எங்க போகப் போறேன்" என்றார். பிறகு விஷயம் புரிந்து, வருகிற மூட்டைகளில் கதைப் புத்தகங்களைத் தனியே எடுத்து வைத்தார். சந்தேகமாக இருந்ததையெல்லாம் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அலமாரி போதாமல் தையல் மேஜைக்கு அடியிலும் புத்தகம் புகுந்தது. தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகளை வைக்க இடமில்லாமல் பிரம்பு நாற்காலியின்மேல் குவித்தாள். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பதும் அவள் எண்ணம்.

அளவுகொடுக்க வருகிறவர்களில் ஒருத்தி தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவள். தெருவில் அவளுக்குச் சீரியல்காரி என்று பெயர். தையல்காரி ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்திடம் அந்த வரியைச் சொல்வதைக் கேட்டுவிட்டு, நன்றாயிருக்கிறதே, எதில் வருகிறது என்றாள்.

"ஏதோ பழைய நாவல்லம்மா. எதுன்னுதான் தேடிட்டிருக்கேன்" என்றாள் தையல்காரி.

இரண்டு வாரத்தில் தொடரில் கதாநாயகன் வாசலில் நின்று அதைச் சொன்னான். சொன்ன விதமோ, சொன்ன நேரமோ, ஊருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு இசையமைப்பாளர் அதைப் பல்லவியாக்கினார். ஆட்டோக்களின் முதுகில் ஏறியது. காலணிக் கடை ஒன்று அதைப் பலகையில் எழுதிப்போட்டுக் 'கடை காலி செய்கிறோம்' தள்ளுபடியைப் பல வருஷம் நடத்தியது. தேர்தலில் தோற்ற ஒருவர் மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கி, அடுத்த தேர்தலிலும் தோற்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மாக்களிடம் அதைச் சொன்னார்கள். எல்லாரும் அது ஒரு பழைய நாவலில் வருவது என்றார்கள். எந்த நாவல் என்று யாரும் கேட்கவில்லை.

தொடரில் அந்த வரி வந்த நாளிலிருந்து கூடத்தில் புதிதாக ஒரு விக்கல் கேட்க ஆரம்பித்தது. தடியனுடையதுபோல் கனமாக இல்லை, அழுமூஞ்சியுடையதுபோல் கீச்சென்றும் இல்லை. துணிக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கி இருந்தது. தையல்காரி மெஷினை நிறுத்திக் காதைக் கொடுத்தாள். ஆகக்கூடி அந்தப் புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது. தேடியது கிடைத்ததில் சந்தோஷப்பட வேண்டியவள், அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வரிவரியாகப் படித்தாள். அவளுக்கு அழுவதற்குப் புத்தகம் தேவைப்படாத காலம் அது என்பதால் அழுமூஞ்சியை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினாள். கண்ணாடி இரண்டு தடவை மாற்றினாள். படித்த புத்தகங்கள் ஒரு பக்கமும் படிக்காதவை ஒரு பக்கமுமாகக் கூடம் நிரம்பியது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடியது. நடத்துகிறவர் குரலைத் தாழ்த்தி, நாம் எல்லாரும் தினமும் சொல்லும் வரி இது, எந்த நாவலில் முதன்முதலாக வந்தது என்று கேட்டு, நான்கு பெயர்களைக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதைச் சொன்னான். அழுமூஞ்சியின் அசல் பெயர் அது. பச்சை விளக்கு எரிந்தது, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ எங்கோ வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டதை வேறு யாரோ நம்பி எழுதிவைத்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா அண்ணி, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள் நாத்தனார்.

தையல்காரி எழுந்து அழுமூஞ்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை அட்டைமேல் வைத்தாள். திரையில் கூட்டம் முழுவதும் ஒரே குரலில், கதவைச் சாத்தாதே, நான் இன்னும் போகவில்லை என்றது. அண்டை வீடுகளிலும் சொன்னார்கள், ஜன்னல் வழியாகக் கேட்டது. அழுமூஞ்சி அசையவில்லை. கல்மாதிரி கிடந்தது. கதவோரம் இருந்த பிரம்பு நாற்காலிதான் தூக்கிப் போட்டது. ஒன்று, இன்னொன்று, விடாமல் மூன்றாவது. மேலே குவித்திருந்த ஜாக்கெட்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. நாற்காலி வெறுமையாக நின்று, மூச்சு வாங்கி, மறுபடி விக்கியது.

இத்தனை வருஷம் அவள் சொன்னபோது அது ஏன் விக்கவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. யார் வரி என்று தெரிந்து சொன்னால் விக்கல் எடுக்காது. அவள் ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஊருக்குத்தான் தெரியாது.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி குடுங்க அண்ணி."

தையல்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியின் காலடியில் வைத்தாள்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு எழுதச் சொல்லி நாத்தனார் வற்புறுத்தினாள். தையல்காரி எழுதவில்லை. எழுதினால் தெரிந்துவிடும், தெரிந்தால் விக்கல் நின்றுவிடும். அழுமூஞ்சியைப் புதிதாக அச்சிட்ட பதிப்பாளர் அந்த வரியை அட்டையில் போட்டார். உள்ளே தேடிக் கிடைக்காத வாசகர்கள் சண்டைக்கு வரவே, அடுத்த பதிப்பில் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கதவருகே அதைச் சேர்த்துவிட்டார். அழுமூஞ்சி அதையும் வாங்கி வைத்துக்கொண்டு அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பழைய பேப்பர் கடைக்கு இப்போது போவதில்லை.

வாடிக்கைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. அளவெடுக்கும்போது நாற்காலி விக்கினால், சார் இருக்காரா என்று கேட்டுக்கொண்டே கையை உயர்த்தி நிற்பார்கள். இருக்கார் என்று சொல்லி அவள் அளவுநாடாவைச் சுற்றுவாள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்புகிற நேரத்தில் அது அதிகம். அந்த நேரத்தில் அவள் ஜாக்கெட்டுகளை உள்ளறையில் வைத்துவிட்டு, டம்ளரை நிரப்பிவிட்டு, வாசல் கதவில் ஒரு பாதியைத் திறந்து வைக்கிறாள். தூசி வரத்தான் செய்கிறது. துணியை உதறித் தைக்கிறாள்.